பைப் ஆர்கனை விற்கும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

குழல்களில் காற்றை ஊதி இசைக்கும் ஆலயக் கருவியான பழைய பைப் ஆர்கன் பழுதாகிவிட்டால், ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு, "நம்ம ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இது தாங்காது, கீபோர்டு வாங்கிவிடலாம்" என்பதுதான். தாங்கும். பிலிப்பைன்ஸில் மணிலாவை அடுத்த லாஸ் பீன்யாஸ் நகரின் புனித சூசையப்பர் ஆலயமே அதற்குச் சாட்சி. வெக்கை, ஈரம், புயல், நிலநடுக்கம் எல்லாம் கண்ட ஊர் அது.

அங்கு பங்குத்தந்தையாக இருந்த தியேகோ செரா 1816-ல் வேலையைத் தொடங்கி 1824-ல் முடித்த ஆர்கனில் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில். முகப்பில் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எக்காளக் குழல்கள் மட்டும் உலோகம். வெட்டிய மூங்கிலை அவர் உடனே அறுக்கவில்லை, கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். மூங்கிலைப் பூச்சி துளைப்பது அதிலுள்ள மாவுச்சத்துக்காக. உப்பு ஈரத்தில் கிடந்து உளுக்காமல் தேறியவையே குழலாயின. மூங்கிலைக் குளத்து நீரில் ஊறப் போடும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல.

புயலிலும் நிலநடுக்கத்திலும் அடிபட்ட அந்த ஆர்கனை 1973-ல் பிரித்து, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள க்லைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவின் வறண்ட காற்றில் மூங்கில் வெடிக்காதிருக்க, பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரமும் கொண்ட அறையை அங்கு அமைத்தார்கள். 1975-ல் அது ஊர் திரும்பியது, இன்றும் ஒலிக்கிறது. வெப்பத்தைவிட, வெப்பமும் ஈரமும் சட்டென்று மாறுவதுதான் ஆர்கனைக் கெடுக்கிறது என்பது அந்த அறையிலிருந்தே விளங்கும்.

நம் ஆலயங்களில் அந்த மாற்றத்தை ஞாயிறுதோறும் நாமே உண்டாக்குகிறோம். ஆராதனைக்கு மட்டும் ஏசி போட்டு 32 டிகிரியை 24-க்கு இறக்கினால், சாதாரணக் குழல்களின் சுருதி ஏறக்குறைய 1.3 சதவீதம் இறங்கும், அதாவது அரைச் சுரத்தில் கால் பங்கு. உலோக நாக்கு அதிர்ந்து பேசும் குழல்களோ அநேகமாக அசையாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் காது கூசும். உடனே எல்லாக் குழலையும் சுருதி சேர்க்கச் சொல்லாதீர்கள், அது குழலின் விளிம்பைத்தான் கெடுக்கும். சுருதி பார்க்கும்போது குழலைக் கையால் பிடிக்கவும் கூடாது. உள்ளங்கைச் சூட்டில் சிறு குழலின் சுருதி ஏறிவிடும், ஆறியபின் மறுபடி இறங்கும்.

அடுத்த குறை, வாசிக்கும் கட்டையிலிருந்து (கீ) விரலை எடுத்தபின்னும் ஒரு குழல் ஓயாமல் ஊதுவது. இதைக் கேட்டுத்தான் பல குழுக்கள் நம்பிக்கை இழக்கின்றன. காற்றுப்பெட்டிக்குள் கட்டைக்கு ஒன்றாக, தோல் ஒட்டிய மரமூடி உண்டு. அதன் இடுக்கில் ஒரு துளி தூசி சிக்கினாலும், மழைக்காலத்தில் மரம் உப்பினாலும், வில்கம்பி தளர்ந்தாலும் மூடி முழுதாக உட்காராது. ஒரு மூடியின் கோளாறு அது, ஆர்கனின் சாவு அல்ல.

விற்கத் தீர்மானம் போடுமுன் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். ஸ்டாப் (குழல் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் இழுப்புக் குமிழ்) எதையும் இழுக்காமல் காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டுக் காது கொடுங்கள். உஸ்ஸென்று காற்றுப் போனால் துருத்தியின் தோலையும் மர இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பாக இழுத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, பேசாத குழலையும் ஓயாத குழலையும் தாளில் குறியுங்கள். குழலைக் கழற்றவோ, அதன் வாய்க்குள் கம்பி விட்டுக் குடையவோ, ஈரத்துணியால் துடைக்கவோ வேண்டாம். குழல்களுக்குப் பின்னால் கரையான் மண்ணும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து அதையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு ஆர்கன் பழுது தெரிந்தவரை அழைத்தால், எது சில்லறை வேலை, எது பெரிய செலவு என்று அவரால் அன்றே சொல்ல முடியும்.

இப்படிக்கு,
பைப் ஆர்கன் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
சென்னை.