வெள்ளிக்கிழமை மதியம்: துணியும் தோட்டமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளைத் துணி வேலைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஒதுக்கியிருக்கிறோம். "ஊசியும் மண்வெட்டியும் எங்க வீட்டுலயே இருக்கு, அதுக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வாசலில் நின்றபடி சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது நம் யாருக்கும் மறக்காது. மறுநாள் காலை கொல்லைக்குப் போனால் முருங்கை வேரோடு சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா அந்த மரத்திலேயே ஒரு போத்தை வெட்டி, வேலி ஓரமாக நட்டுவிட்டுப் போனார். அது துளிர்க்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் போனேன். அதற்குமுன் நான் கொல்லைப்பக்கம் போனதெல்லாம் துணி காயப்போடத்தான். அப்புறம் நாலு கத்தரிச் செடி, ஒரு புடலைப் பந்தல் என்று வளர்ந்தது. இன்றைக்கும் பள்ளிக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் அங்கே நின்றால்தான் எனக்கு அந்த நாள் நாளாக இருக்கிறது.

துணி வேலை இன்னும் பிற்பாடு வந்தது. சென்னையில் மகள் வீட்டில் ஒரு கோடை விடுமுறை முழுக்க இருந்தபோது, அங்கே நடந்த ஆர்ட் குவில்ட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்த ஒரு அடுக்கு, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, அடியில் ஒரு துணி. மூன்றும் பிடிக்கும்படி தையல் ஓட்டினால் அதுதான் குவில்ட். கட்டம் கட்டமாகத் தைக்காமல் துணியையே சாயம் மாதிரி வைத்துப் படம் போடுவது ஆர்ட் குவில்ட். நான் முதலில் தைத்தது என் புடலைப் பந்தலை. காய்கள் அம்மாவின் பழைய பச்சைச் சுங்கடிச் சேலை. இப்போது தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கிறது, வரும்போது பாருங்கள்.

திருவாரூர்க்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியம் இல்லை. ஆழித்தேரில் தொங்கும் தொம்பைகளை அண்ணாந்து பார்க்காதவர் நம்மில் யார்? வண்ணத் துணியில் யாளியும் மயிலும் தாமரையும் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்த வேலைதான் அது. வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே காந்தா தைத்தார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், கறுப்பினப் பெண்கள் வேலைக்கு உடுத்திய பழந்துணிகளைக் கொண்டு குளிருக்காகத் தைத்த குவில்ட்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் மாட்டப்பட்டன.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டி, கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொன்னோம். எட்டுச் சதுரம் சேர்ந்தால் 40 அங்குலம் என்று கணக்குப் போட்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண், டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மூணரை அங்குலம் எங்கே போச்சு டீச்சர்?" நான் பதில் சொல்லவில்லை. துணியைத் திருப்பிப் போட்டு, தையலுக்குப் பின்னால் மடிந்து கிடந்த கால் அங்குலங்களை அவளே ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒவ்வொரு தையலுக்கும் இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால், மொத்தம் ஏழு தையல். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கோடையில் பள்ளிக் கொல்லையில் போட்ட பாகல் இப்போது பூத்திருக்கிறது. பூவெல்லாம் கொட்டுகிறதே என்று பிள்ளைகளுக்குக் கவலை. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் குட்டிப் பாகற்காய் மாதிரி இருந்தால் அது பெண்பூ என்று ஒன்றைக் காட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதினொன்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த இலைகளையே காகிதத்தில் வைத்து வரைந்து, துணியில் வெட்டி, தோட்டத்தையே ஒரு பெரிய குவில்ட்டாகத் தைக்கப்போகிறோம். ஆளுக்கு ஒரு சதுர அடி.

இனி உங்களிடம் கேட்பது. இதற்கு மதிப்பெண் கிடையாது, போட்டியும் பரிசும் கிடையாது. தயவுசெய்து பிள்ளையின் கோணல் தையலைப் பிரித்து நீங்கள் சரிசெய்து அனுப்பாதீர்கள். ஒரு வீட்டில் ஆசையாகத்தான் மிஷினில் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு நேர்த்தி. அந்தப் பையன் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி வெறும் துணி கொடுத்து உட்காரவைத்தோம். செடி வாடினாலும் அப்படித்தான், அவர்களே பார்த்துத் தண்ணீர் ஊற்றட்டும்.

பழைய பருத்தித் துணி இருந்தால் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தனுப்புங்கள். சாயம் போகிற துணியும், இழுபடுகிற பனியன் துணியும் வேண்டாம். நைந்த நூல் சேலை கட்டாயம் வேண்டும், நடு அடுக்குக்கு அதைவிட நல்லது இல்லை.

வீட்டில் ஒரு பழைய வாளியோ சாக்கோ போதும், அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நம் வயல் களிமண்ணை மட்டும் போட்டால் வெயிலில் கல்லாக இறுகிவிடும். மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இப்போது போட்டால் கீரை மூன்று நான்கு வாரத்திலும் வெண்டை ஏறக்குறைய 45 நாளிலும் பறிப்புக்கு வரும், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஆசைதீரப் பறித்துவிடலாம். அசுவினிப் பூச்சி வந்தால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளித்தால் போதும்.

சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இதே வகுப்பு உண்டு, கட்டணம் இல்லை. அப்பாக்களும் வரலாம். தேர்ச்சீலை தைத்த கை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். எங்களுக்கும் கற்றுக்கொள்ள ஆசை.

துணிகள் புதன்கிழமைக்குள் வந்தால் நல்லது. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை விதைகள் வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் பொட்டலமாக வரும். சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் தடவிப் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்