பழைய ரயில்வே யார்டைத் திறந்துவிடக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: நகர வளர்ச்சித் துறை அதிகாரி அவர்கள்

பொருள்: பயனின்றிக் கிடக்கும் சரக்கு யார்டின் குறுக்கே நடைபாதை அமைத்து, அந்நிலத்தைப் பசுமை வெளியாக மாற்றித் தருதல்.

பார்வை: எங்கள் முந்தைய மனுக்கள். எழுத்தில் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். யார்டைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சரக்கு வண்டிகள் நின்றுபோன பிறகும் அதன் மதில் எங்கள் பகுதியை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

1. மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளி, இந்தப் பக்கம் பிள்ளைகள். நேராகப் போனால் கூப்பிடு தூரம்தான். ஆனால் கோடியில் உள்ள சுரங்கப்பாதையைச் சுற்றியே போக வேண்டும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். அப்புறம் என்ன, மதில் இடிந்த இடத்தில் நுழைந்து, துருப்பிடித்த தண்டவாளத்தையும் உடைந்த கண்ணாடியையும் புதரையும் தாண்டி ஓடுகிறார்கள். முதியவர்களால் அதுவும் முடியாது. மருத்துவமனை வாசல் மாடியிலிருந்து தெரிகிறது, ஆனால் அங்கே போக வண்டி பிடித்து ஊரையே சுற்ற வேண்டும். பிரசவ வலி எடுத்தவளையும் அப்படித்தான் கொண்டுபோகிறோம். இதற்கு மேல் எப்படி எழுதுவது ஐயா? நாங்கள் கேட்பது மதிலில் இரண்டு வாசல், நடுவே விளக்குள்ள ஒரு பாதை. நிலம் ரயில்வேயுடையது என்று தங்கள் அலுவலகம் சொல்கிறது. நகரத் திட்டம் எங்கள் வேலையில்லை என்று ரயில்வேக்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காரக் கூடாதா?

2. மண் கெட்டுவிட்டது என்றார்கள். சரி, தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளில் ஊறிய கிரியோசோட் (மரம் கெடாமலிருக்கப் பூசும் தார் எண்ணெய்), சிந்திய டீசல், களைக்கொல்லி எல்லாம் இறங்கியிருக்கும். அதனால்தான் முதலில் மண் பரிசோதனை கேட்கிறோம். கெட்ட மண்ணை அகற்றியோ மூடியோ மற்ற இடத்தைத் திறக்கலாம். பெர்லினின் டெம்பெல்ஹோஃப் யார்டில் 1952இல் வேலை நின்றது. தானாக வளர்ந்த காட்டை வெட்டாமல், 2000இல் சுமார் 18 ஹெக்டேர் பூங்காவாகத் திறந்தார்கள். பழைய தண்டவாளத் தடத்திலேயே மக்கள் நடக்கிறார்கள்.

3. கான்கிரீட் போட்டு மூடிவிடாதீர்கள். ஜல்லிப் பரப்பு மழைநீரைக் கீழே இறக்கும். யார்டின் பழைய கிடங்கையும் இடிக்க வேண்டாம். லண்டன் கிங்ஸ் கிராஸில் 1852இல் கட்டிய தானியக் கிடங்கில் இன்று கலைக் கல்லூரி நடக்கிறது.

4. நிலத்தை மொத்தமாக விற்றுவிடவும் வேண்டாம்.

பூங்காவுக்குக் காலம் பிடிக்கும், காத்திருக்கிறோம். பாதைக்குக் காத்திருக்க முடியாது ஐயா. அடுத்த மழைக்கு முன் அந்த இரண்டு வாசலையும் திறந்துவிடுங்கள். முடியாது என்றால் அதையாவது காரணத்துடன் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
யார்டின் இரு பக்கத்து மக்கள்