செயலாளரின் ஆண்டறிக்கை: முகிலுக்குள் இரசாயனம் படித்த வருடம்

தலைவருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

ஹட்டன் பக்கத்தில் வானம் பார்க்கிற சங்கம் நடத்தினால் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் மழையும் பனிமூட்டமும்தான், அது உங்களுக்கே தெரியும். சரி, அந்த மாதங்களை வீணாக்காமல் வாசிகசாலையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் படிப்போம் என்று செயற்குழு முடிவெடுத்தது: நட்சத்திரங்களுக்கு நடுவே கிடக்கும் முகில்களில் மூலக்கூறுகள் எப்படி உண்டாகின்றன?

முதல் வகுப்பில் வரலாறு. 1968இல் அமோனியா, 1969இல் நீர், 1970இல் காபனோரொட்சைட்டு என்று வானொலி அலைகள் மூலம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டு, இன்று 300க்கும் அதிகமான மூலக்கூறுகள் தெரியவந்துள்ளன.

இந்த வருடத்தின் சிறந்த நாள் என்றால் என்னைப் பொறுத்தவரை மூன்றாவது வகுப்புதான். கேட்டிருந்த புரொஜெக்டர் வராததால் கரும்பலகையிலேயே நடந்தது. கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்த அக்கா ஒருவர், "-263 பாகைன்னு சொல்றீங்களே தம்பி, அந்தக் குளிர்ல எல்லாம் கட்டியாகிப் போயிராதா?" என்று கேட்டார். உயர்தரப் பிள்ளைகளுக்கும் வராத கேள்வி அது. உண்மையிலேயே கட்டியாகத்தான் போகிறது, அங்கேதான் இரசாயனமே தொடங்குகிறது. இரண்டு ஐதரசன் அணுக்கள் வெறும் வெளியில் சந்தித்தால் மிஞ்சிய சக்தியை இறக்கிவைக்க இடமில்லாமல் பிரிந்துவிடும், ஆனால் ஒரு தூசித் துணிக்கையின் மேல் சந்தித்தால் அந்தச் சக்தியைத் தூசி வாங்கிக்கொள்ள, அவை மூலக்கூறாகச் சேர்ந்துவிடும். அதே தூசியின் மேல் நீரும் காபனோரொட்சைட்டும் பனிக்கட்டியாகப் படிகின்றன. ஐதரசன் அணு மிக இலேசானது என்பதால் அந்தக் குளிரிலும் பனியின் மேல் நகர்ந்து, ஏவற்சக்தித் தடையை, அதாவது தாக்கம் தொடங்கத் தாண்டவேண்டிய சக்தி மேட்டை, ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போய், காபனோரொட்சைட்டோடு ஒவ்வொன்றாகச் சேர்கிறது. முதலில் போமல்டிகைட்டு, கடைசியில் மெதனோல்.

வாயுவில் நடப்பது வேறு. விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துணிக்கையான அண்டக்கதிர் பட்டு அயனான, அதாவது மின்னேற்றம் பெற்ற, ஐதரசன் மூலக்கூறு இன்னொன்றோடு மோதி, மூன்று ஐதரசன் கொண்ட அயன் பிறக்கிறது. அது எதிர்ப்படும் பலவற்றுக்கும் ஒரு புரோத்தனை, அதாவது ஐதரசன் கருவை, கொடுத்து அடுத்தடுத்த தாக்கங்களைத் தொடக்கிவிடும். விண்மீனிடை முகிலில் அது கண்டறியப்பட்டது 1996இல்தான்.

தை மாதத்தில் வானம் தெளிந்த ஓர் இரவு, லயத்துக்கு மேலே உள்ள மைதானத்தில் திருவாதிரையை முதலில் காட்டி, அங்கிருந்து ஓரியனின் வாளுக்கு பைனாகுலரைத் திருப்பினோம். 1,300 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் அந்த மங்கல் புகைக்குப் பின்னால்தான் நாம் படித்த மாதிரியான முகில் இருக்கிறது. அக்காவும் வந்திருந்தார், நெடுநேரம் பைனாகுலரைக் கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு வால்வெள்ளிகளின் பனியைப் படிக்கலாம் என்று முன்மொழிகிறேன். சந்தா பாக்கியுள்ளவர்கள் தயவுசெய்து இன்றே கட்டிவிடுங்கள், பைனாகுலர் இன்னொன்று கட்டாயம் வேண்டும். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.