எட்டும் ஒன்பதும்

அடியே,

உன் இரண்டு கடிதங்களும் என் மேசைமேல்தான் இருக்கின்றன. முதலாவதற்குப் பதில் போடாத குற்ற உணர்ச்சியில் இரண்டாவதைப் பிரிக்கவே நான்கு நாளாகிவிட்டது. நன்றாகத் திட்டிவிட்டு மேலே படி. அம்மா சௌக்கியம். மீசை சாரும் சௌக்கியம். அதே சிவப்புப் பேனா, அதே இருமல்.

நேற்று ராத்திரி ஒன்று நடந்தது. உன்னிடம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கடைசி செமஸ்டருக்கு நான் ஒரு சமையல் இதழுக்கு டம்மி, அதாவது மாதிரிப் பிரதி, செய்துகொண்டிருக்கிறேன். அட்டையோடு சேர்த்து 32 பக்கம். எட்டு ஏ3 தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி நடுவில் பின் அடிப்பது. மூன்று மாத உழைப்பு. நேற்றுதான் முதல் பிரதியை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைச் சமையலறைக்குத் தூக்கிப் போய், அதில் இருக்கும் பிரெட் செய்ய ஆரம்பித்திருந்தாள். எனக்கு அப்படி ஒரு பெருமை! கதவோரமாக நின்று பார்த்தேன்.

9-ஆம் பக்கத்தில் படமும் தேவையான பொருள்களும். செய்முறை 10-இல். அதாவது தாளைத் திருப்ப வேண்டும். அம்மாவின் கை இரண்டும் மாவு. முழங்கையால் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் எவ்வளவு என்று மறந்துபோய் திரும்பவும் 9-க்கு வந்தாள். மறுபடி 10. மூன்றாவது முறை தாள் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு ஓரம் கிழிந்தது. அவள் கோபப்படவில்லை. "இதை எழுதினவங்க அடுப்படியில நின்னு ஒரு தடவையாவது செஞ்சு பார்த்தாங்களா?" என்று கேட்டாள். எழுதியது நான் என்று அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

நான் செய்து பார்த்திருந்தேன், ஆனால் லேப்டாப்பை நிறுத்திவைத்து. திரையில் எல்லாம் எதிரெதிர்ப் பக்கமாக அழகாகத் தெரியும். திருப்புதல் என்று ஒன்று இருப்பதே அதில் உறைக்காது.

உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது குறிப்புகளில் நான்கு இப்படித் திருப்பத்தில் உடைகின்றன. சரி, எல்லாக் குறிப்பும் இடப்பக்கத்து இரட்டை எண்ணில் தொடங்கி எதிரே ஒற்றை எண்ணில் முடிய வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அவ்வளவு லேசில்லையடி. பின் அடித்த இதழில் எந்தப் பக்கமும் தனியாக இல்லை. 32 பக்கம் என்றால் ஒரே தாளில் அருகருகே அச்சாகும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வரும். 9-க்கு ஜோடி 24. அவற்றின் முதுகில் 10, 23. செலவைக் குறைக்க நான் நான்கு தாளுக்கு மட்டும்தான் கலர் வைத்திருந்தேன். ஆகவே பிரெட்டை 8-9க்கு நகர்த்தினால் 8-ஆம் பக்கம் கறுப்பு வெள்ளைத் தாளில் போய் விழுகிறது. அந்தத் தாளைக் கலராக்கினால் வேறொன்று கலரை இழக்கிறது. துண்டுக் காகிதத்தில் எண்களை எழுதித் தரையெல்லாம் பரப்பி, ராத்திரி இரண்டு மணி வரை நகர்த்திக்கொண்டே இருந்தேன். நம் சுவரொட்டி இதழ் நாள்களில் நீ பசைக் கிண்ணத்தோடு நடுவில் உட்கார்ந்து யாரையும் நகர விடமாட்டாயே, அந்த இடம் காலியாக இருந்தது.

கடைசியில் சரியாக வந்தது. போனஸாக ஒன்று: 20-21இல் குறுக்கே வைத்திருந்த பெரிய தட்டுப் படம், இரண்டு தாளில் பாதி பாதியாக விழுந்து நடுவில் தட்டு உடைந்த மாதிரி இருந்தது. 16-17 மட்டும்தான் ஒரே தாள். அங்கே கொண்டுபோனேன், தட்டு முழுசாகிவிட்டது.

அம்மா இன்னொன்றும் பிடித்துக்கொடுத்தாள். "மூணு கப் மாவுன்னா எந்தக் கப்பு?" மாவைப் பொலபொலவென்று கரண்டியால் அள்ளிப் போட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம், கப்பை மாவுக்குள் அமுக்கி மொண்டால் 150கூட வரும். மூன்று கப்பில் 90 கிராம் வித்தியாசம், தண்ணீரோ அதே அளவு. மாவு இறுகி அவள் மணிக்கட்டு வலித்ததற்கு என் ஒரு சொல் காரணம். இப்போது 500 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு என்று எடையில் மாற்றிவிட்டேன். மீதி எட்டுக் குறிப்புகளையும் தராசு வைத்து முதலிலிருந்து செய்யப் போகிறேன்.

எழுத்தையும் பெரிதாக்கினேன். மடியில் வைத்துப் படிப்பதற்கான அளவு, சமையல் மேடையில் கிடக்கும்போது குனியவைக்கிறது. பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரித்திருந்ததை இரண்டாக்கினேன். நம் நீளச் சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் வரிக்கு வரி ஓட்டை விழுகிறது. வலது ஓரத்தை அப்படியே விட்டுவிட்டேன். மேலே புள்ளியும் கீழே சுழியும் முட்டாதபடி வரி இடைவெளியும் கூட்டியாயிற்று. இடம் போதாமல் என் முழுப் பக்கத் தலையங்கத்தைத் தூக்கினேன். வலித்தது, தூக்கினேன்.

போன மாதம் வகுப்பில் மீசை சார் கேட்டார்: "1941-இல் தொடங்கிய கூர்மே என்ற அமெரிக்கச் சமையல் இதழையே விளம்பரம் குறைந்து 2009-இல் மூடிவிட்டார்கள். போனில் எல்லாம் கிடைக்கிற காலத்தில் இது யாருக்கு?" அன்று வாயடைத்து நின்றேன். நாளை மறுநாள் அவரிடம் அம்மாவின் மாவு ஒட்டிக் கிழிந்த அந்தத் தாளையும் சேர்த்து வைக்கப் போகிறேன். மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும்.

இப்போது உன் விஷயம். நீ வேலையை விட்டதை உன் கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. மீசை சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு கடிதத்திலும் மழையையும் பூனையையும் பற்றி எழுதியிருக்கிறாய். நான் பதில் போட்டிருந்தால் மூன்றாவதில் சொல்லியிருப்பாயோ என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. என்ன நடந்தது? நடந்தபடி எழுது, சுருக்காதே.

இத்துடன் 8-9 பக்கங்களை மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு நாள் உட்கார்ந்து அந்தப் பிரெட்டைச் செய். இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கும் உன் வேலை இதில் நடக்காது, இரண்டே பக்கம்தான். எங்கே நின்று யோசித்தாயோ அங்கே பேனாவால் கோடு போடு. கறை பட்டால் துடைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு. அட்டையில் பெயருக்கான இடம் இன்னும் காலி. நம் எல்லா இதழ்களுக்கும் பெயர் வைத்தது நீதான், இதற்கும் நீயே வை.

மாவு இரண்டு மடங்காக உப்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் எனக்குக் கடிதம் எழுது.

உன்
பழைய பக்கத்து இருக்கைக்காரி