கேம் செஞ்சவரு பாடத்துக்காகவும் பேசினாரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பாலக்கோட்டுல தக்காளி வியாபாரம் பண்றேன். என் பையன் எட்டாவது, ஃபோன்ல கேம் ஆடினாலே திட்டிக்கிட்டு இருப்பேன், இயன் லிவிங்ஸ்டன் பத்தி படிச்சதுல இருந்து யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.

இங்கிலாந்துக்காரரு. 1975ல நண்பர்களோட சேர்ந்து போர்டு கேம் விக்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனி ஆரம்பிச்சாரு. 1982ல அந்த நண்பர்கள்ல ஒருத்தரான ஸ்டீவ் ஜாக்சனோட சேர்ந்து ஒரு கதைப் புத்தகம் எழுதினாரு, அதுல அடுத்து எங்க போறதுன்னு படிக்கிற புள்ளையே முடிவு பண்ணணும், பகடை உருட்டி சண்டை போடணும், எவ்வளவு அழகான யோசனை பாருங்க! 1996ல டூம்ப் ரைடர்ங்கிற வீடியோ கேமை வெளியிட்ட ஐடோஸ் கம்பெனியிலயும் பெரிய பொறுப்புல இருந்தாரு.

ஆனா எனக்குப் பெரிசா படறது 2011ல அவரும், சினிமா கிராஃபிக்ஸ் கம்பெனி நடத்தின அலெக்ஸ் ஹோப்பும் அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கைதான். அங்கயும் கம்ப்யூட்டர் பாடம்னா டைப் அடிக்கிறது, ஸ்லைடு போடறதுன்னு இருந்துச்சு, புரோகிராம் எழுத சொல்லிக்கொடுங்க, கணக்கு சயின்ஸோட ஓவியமும் வேணும்னு அடிச்சு சொன்னாங்க. இன்னும் பல பேரு குரல் கொடுத்தாங்க, 2014 செப்டம்பர்ல 5 வயசுல இருந்தே கோடிங் பாடத்துல வந்துடுச்சு. 2021ல போர்ன்மவுத்துல அவரு பேர்லயே ஒரு ஸ்கூலும் திறந்தாங்க.

எங்க பக்கம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் பூட்டியே கெடக்குதுங்க. படிச்ச பசங்க எல்லாம் ஓசூர், பெங்களூருன்னு பஸ் ஏறறாங்க. தர்மபுரி மாவட்டத்துல ஆறாவதுல இருந்தே வாரத்துக்கு ரெண்டு பீரியடாவது புள்ளைங்க கையால சின்னதா ஒரு கேம் செஞ்சு பாக்க விடணும், அதிகாரிங்க கவனத்துக்கு நீங்கதான் கொண்டுபோகணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாலக்கோடு