பீடோர் கொய்யா வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பேராக் மாநிலத்துப் பீடோர் சாலையோரக் கடைகளிலும் பசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) கொய்யா விற்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

பழம் சீக்கிரம் சுருங்காமல் இருக்க 'இயற்கைப் பூச்சு' என்று பொட்டலம் பொட்டலமாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது, தோல் வழியாக நீரை இழக்கிறது. மெல்லிய படலம் ஒன்று மேலே இருந்தால் ஆக்சிஜன் உள்ளே போவது குறையும், பழுப்பது தள்ளிப்போகும். அவ்வளவுதான். அடிபட்ட பழத்தை அது தேற்றாது. பழ ஈ வைத்த முட்டையையும் கொல்லாது. அதற்கு மரத்திலேயே பை கட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா!

கொய்யாவைத் தோலோடு கடிக்கிறோம், பூச்சும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. அதனால் எங்கள் கணக்கில் மரவள்ளி மாவே போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மாவு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். 70 பாகை செல்சியஸ் வாக்கில் பால் நிறம் மறைந்து கஞ்சித் தெளிவுபோல் ஆகும். உடனே இறக்கி 10 கிராம் உணவுத்தரக் கிளிசரின் சேர்த்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முக்கினால் தோல் வெந்து பழுப்பேறும்.

கிளிசரின் நம் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுப்பதுதான். அதை விட்டுவிட்டால் படலம் வெடித்துப் பொடுகுபோல் உதிரும். கூடிவிட்டால் பிசுபிசுக்கும். 'கெட்டியாக இருந்தால் நல்லது' என்று மாவை இரட்டிப்பாக்காதீர்கள்: பழத்துக்கு மூச்சு முட்டி, வெட்டும்போது சதையில் கள் வாடை அடிக்கும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது பூச்சில் அல்ல, அதற்கு முந்திய கழுவலில். மாவு பூஞ்சைக்கும் தீனி. அழுக்குத் தோலில் பூசினால் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டு உள்ள, வாசனை கலக்காத வெளுப்பு நீரை 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலந்தால் ஏறக்குறைய 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். பழத்தை அதில் 2 நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காற்றாடிக்குக் கீழே முழுக்க உலர்த்துங்கள். ஈரத்தோடு முக்கினால் கரைசல் நீர்த்துப் படலம் ஒட்டாது. வெளுப்பு நீரோடு காடி (வினிகர்) மட்டும் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

உலர்ந்த பழத்தை ஒரு நிமிடம் முக்கி, சல்லடைத் தட்டில் வடியவிட்டு, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். மீந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். பறித்த அன்றே செய்தால்தான் பலன்.

மாவுப் படலம் நீராவியை அவ்வளவாகத் தடுக்காது, ஈரத்தில் இளகும். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் பழம் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துப் பூச்சு கொழகொழக்கும். ஆகவே குளிரில் வைத்து விற்பதானால் கடைசிவரை குளிரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இதில் நாங்கள் கொஞ்சம் கண்டிப்பு. கடையில் விற்கும் சில பொடிகளில் கைட்டோசான் இருக்கும். நல்ல சரக்குதான், செமினியில் உள்ள நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வாளர்கள் 10 விழுக்காடு கருவேலம் பிசினோடு (கம் அராபிக்) 1 விழுக்காடு கைட்டோசான் கலந்து வாழைப்பழத்தில் சோதித்திருக்கிறார்கள். ஆனால் கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. மாரியம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டுக்குப் பழம் வாங்குகிறவரிடமும், இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாயிடமும் அதைச் சொல்லாமல் விற்பது முறையா? பூசியிருந்தால் விலைப்பலகையிலேயே எழுதி வையுங்கள். வெளிநாட்டு ஆப்பிளின் பளபளப்பிலும் அரக்குப் பூச்சியின் சுரப்பு இருக்கலாம் என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, அது வேறு கதை.

முதலில் ஒரே மரத்துக் கொய்யாவில் 20 பழம் பூசியும் 20 பழம் பூசாமலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஐந்தாம் நாளில் எடையிலும் நிறத்திலும் வித்தியாசம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், மாவுக்காசும் கேஸ்காசும் மிச்சம்.

இப்படிக்கு,
பழம் பேணும் வேலையில் இருக்கும் பீடோர்க்காரர்கள் சிலர்