நிலநடுக்கச் செய்தியில் ஆழத்தையும் தூரத்தையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் பேர்ணாம்பட்டுப் பக்கம் வீடு கட்டும் மேஸ்திரி. ‘இன்றைக்கு ராத்திரி பெரிய நிலநடுக்கம், யாரும் வீட்டுக்குள் படுக்காதீர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு எங்கள் தெருவில் சுற்றியது. கைக்குழந்தையோடு பனியில் கிடந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்தது. இன்ன நாள், இன்ன நேரம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை உலகத்தில் எந்த விஞ்ஞானியாலும் முடியவில்லை.

ஜனங்கள் பயப்படுவதில் தப்பில்லை. 2021 நவம்பர் 29 விடியற்காலை நாலே காலுக்கு ஆடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அளவு 3.6, ஆழம் 25 கி.மீ., வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. என்று டெல்லியில் உள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் அறிவித்தது. எங்கள் காதில் விழுந்ததோ ‘வேலூரில் நிலநடுக்கம்’ மட்டும்தான். உண்மையில் அது வேலூரைவிட எங்களுக்குப் பக்கம்.

அந்த 59 கி.மீ. சும்மா வந்த கணக்கு இல்லை. பாறை உடைந்ததும் முதல் அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் ஓடும், இரண்டாவது அலை மூன்றரை கி.மீ. வேகத்தில் பின்னால் வரும். கருவியில் இரண்டுக்கும் எத்தனை நொடி இடைவெளியோ, நொடிக்குச் சுமார் 8 கி.மீ. வீதம் தூரம். இந்தக் கணக்கில் கருவி உள்ள ஒரு நிலையம் தூரத்தைத்தான் சொல்லும், திசை தெரியாது. மூன்று நிலையங்களின் தூரத்தை வட்டமாகப் போட்டால், அவை கூடும் இடம்தான் நடுக்கத்தின் மையம். அதிலிருந்து வேலூருக்கு உள்ள தூரம்தான் அந்த 59 கி.மீ. அப்புறம், அளவு ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 3.6க்கும் 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்த 5.5க்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நடுக்கத்துக்குப் பிறகு விரிசல் பார்க்க என்னைப் பல வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். மண் சாந்தில் கல் அடுக்கிய பழைய வீடுகள்தான் அதிகம். ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக மேலே ஏறியிருந்தது. பழைய விரிசலுக்குள் சுண்ணாம்பும் தூசியும் ஏறி, விளிம்பு மழுங்கியிருக்கும். புதுசில் விளிம்பு கூராக இருக்கும், உள்ளே கல்லும் மண்ணும் பளிச்சென்று தெரியும். பல பேர் மறுநாளே பூசி மறைத்துவிட்டார்கள். அது கூடாது. விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் சுவரைச் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓட்டச் சொல்லுங்கள். அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

இனி இப்படிச் செய்தி வந்தால் அளவோடு ஆழத்தையும், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூரிலிருந்து எத்தனை கி.மீ. என்பதையும் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். எத்தனை மணிக்கு உணர்ந்தீர்கள், எது ஆடியது, எது விழுந்தது என்று வாசகர்களிடம் கேட்டு வாங்கி நிலநடுக்கவியல் மையத்துக்கு அனுப்பிவையுங்கள். கருவி இல்லாத ஊரில் நடுக்கம் எவ்வளவு உறைத்தது என்பதை அங்கே இருந்தவர்கள்தானே சொல்ல முடியும்?

இப்படிக்கு,
கட்டட மேஸ்திரி,
பேர்ணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.